மல்லாகத்துக்கு நடுவில் ஒரு தூண்

"தம்பி, மல்லாகம் ஸ்டேஷனுக்கு நடுவில் அதென்ன நட்டு வைத்திருக்கிறாய்?" என்று அண்ணை கேட்டார்.

கைபேசியை இரண்டு கையாலும் பிடித்தபடி, கீழ்த்தளத்தில் மூன்று மாதமாகக் கட்டிய என் சின்ன ரயில் பாதையை அவருக்கு மெல்லக் காட்டிக்கொண்டு வந்தேன். சுன்னாகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வெங்காயத் தோட்டத்தைப் பார்த்துப் பாத்தி கட்டிய விதம் சரி என்றார். பிறகு தூண் வந்தது. "இந்த உயரத்தில் ஊரில் ஒன்று நின்றிருந்தால் வேதாரணியத்தில் இருந்தே எங்கள் வீட்டை அடையாளம் கண்டிருப்பார்கள்" என்று சொல்லி, இருமல் வரும்வரை சிரித்தார். அவர் யாழ்ப்பாணத்து மல்லாகத்தில், எங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கிறார். நான் கனடாவில், ஸ்காபரோவில். அந்தச் சிரிப்பு எனக்கு உறைத்தது.

தூண் நான் நட்டதல்ல, வீட்டோடு வந்தது. இந்த நாட்டு வீடுகளில் நிலத்துக்குக் கீழே ஒரு தளம் இருக்கும். அதன் நடுவால் ஓடும் பெரிய உத்தரத்தை இரும்புக் குழாய்த் தூண்கள் தாங்கி நிற்கும். மேலே குசினி, சாமியறை, படுக்கையறை எல்லாவற்றின் பாரமும் அவற்றின் தலையில்தான். எடுக்கலாமா என்று ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். எடுக்கலாம், ஆனால் உத்தரத்தையே மாற்றிக் கனத்த இரும்பு போடவேண்டும், நகரசபை அனுமதி வேண்டும் என்று விளக்கி ஒரு தொகையும் சொன்னார். அந்தத் தொகைக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போய் நல்லூர்த் திருவிழா 25 நாளும் நின்று கும்பிட்டுவிட்டு வரலாம். தூண் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏன் இந்த வேலை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். 1956 ஏப்ரலில் கொழும்பில் இருந்து காங்கேசன்துறைக்கு யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது. எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அது ஊருக்கு மணிக்கூடு. எங்கள் வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் ஒரு புகையிலைத் தோட்டமும் ஒரு கிடுகு வேலியும் மட்டும். "கோச்சி போய்விட்டது, இன்னும் உலை வைக்கவில்லை" என்று அம்மா பதறுவார். பாதையில் ஓடிய டீசல் என்ஜின்களில் சில, கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா கொடுத்தவை. அவற்றின் பக்கத்தில் கனேடிய மாகாணங்களின் பெயர் பதித்த தகடு இருக்கும். ஒன்ராறியோ, அல்பேட்டா, சஸ்காச்சுவான். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து அண்ணை எழுத்துக் கூட்டி வாசிப்பார், நான் திருப்பிச் சொல்வேன். வைரவர், முனியப்பர் என்பதுபோல அவை என்ஜின்களுக்கே உரிய பெயர்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். 1986 இல் நான் வந்து இறங்கியது ஒன்ராறியோவில். விமான நிலையத்துப் பலகையில் அந்தச் சொல்லைக் கண்ட இடத்தில் எனக்கு டீசல் மணம் அடித்தது.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. பனிக்காலம் பழகிவிட்டது. அதிகாலையில் எழும்பி வாசல் பனியை அள்ளி, வழுக்காமல் இருக்க உப்புத் தூவிவிட்டுத்தான் தேநீர் குடிக்கிறேன். ஆனால் அந்தக் கல்லுப்பைக் கையில் அள்ளுகிற ஒவ்வொரு முறையும் ஆனையிறவு உப்பளம் கண்ணுக்குள் வந்துவிடுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க, இரண்டு பக்கமும் கடல்நீரேரி விரிய, உப்புக் குவியல்கள் கிடுகால் மூடிக் கிடக்க, கோச்சி அந்த ஒடுங்கிய நிலத்தின் மேல் போகும். வாசலில் அப்படியே நின்றுவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பாதை 87 இல் ஒரு பங்கு அளவு. அதாவது ஊரில் ஒரு கிலோமீற்றர் என்றால் எனக்கு 11.5 மீற்றர் வேண்டும். என் கீழ்த்தளம் 7 மீற்றர். கொக்குவில், கோண்டாவில், இணுவில், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் எல்லாவற்றையும் மனமில்லாமல் விட்டு, சுன்னாகம், மல்லாகம், காங்கேசன்துறை மூன்றையும் வைத்துக்கொண்டேன். இலங்கைத் தண்டவாளத்தின் அகலம் 1676 மில்லிமீற்றர். இந்த அளவில் அது 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வரும். கடையில் கிடைப்பதோ 16.5. அதையும் பொறுத்துக்கொண்டேன், இரண்டடி தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியாது. தூணை அப்படிப் பொறுக்க முடியவில்லை. என் திட்டப்படி மல்லாகம் மேடை வரவேண்டிய இடத்தில் அது நின்றது.

பனைமரமாக்கிவிடலாம் என்பதுதான் முதல் யோசனை. யாழ்ப்பாணத்தானுக்கு வேறென்ன தோன்றும்? அளந்து பார்த்தேன். தூணின் குறுக்களவு 7.6 சென்ரிமீற்றர். 87 ஆல் பெருக்கினால் 6.6 மீற்றர். அடிமரம் 6.6 மீற்றர் பருத்த பனை உலகத்தில் இல்லை. என் அளவில் ஒரு நல்ல பனையின் தண்டு 6 மில்லிமீற்றர், உயரம் ஒரு சாண். பலகையில் இருந்து கூரைவரை தூணோ 95 சென்ரிமீற்றர், ஊர்க்கணக்கில் 83 மீற்றர். சுற்றிலும் பனங்கூடல் வைத்து மறைக்கவும் முடியாது.

ஆனாலும் அந்தச் சாக்கில் பனைகள் செய்யப் பழகினேன். கடையில் விற்கும் மரங்கள் எல்லாம் தென்னையோலை போலப் பிரிந்த ஓலை கொண்டவை. பனையோலை விசிறி. அதனால் பச்சைக் கடதாசியை 3 சென்ரிமீற்றர் வட்டமாக வெட்டி, விசிறிபோல மடித்து, ஓரத்தைக் கத்தரிக்கோலால் கீறி, நடுவில் ஒரு கம்பி ஒட்டினேன். ஒரு மரத்துக்கு 25 ஓலை. மேலே இரண்டு வெளிர்மஞ்சள் குருத்து, கீழே தண்டோடு தொங்கும் நாலைந்து மண்ணிறக் காவோலை. காவோலை இல்லாத பனை பொம்மைப் பனை. அண்ணை இதை மட்டும் சிரிக்காமல் பார்த்தார். "வடலியும் வை. பெரிய மரம் மட்டும் நின்றால் அது காடு, ஊர் இல்லை" என்றார். வைத்தேன்.

எங்கள் தெருவில் ஒரு கனேடியப் பெரியவர் இருக்கிறார். நாற்பது வருடமாக வீட்டில் ரயில் ஓட்டுகிறவர், எனக்குக் கம்பி இணைக்கக் கற்றுத் தந்தவர். அவர் வந்து பார்த்து, தானியக் களஞ்சியம் கட்டித் தூணை உள்ளே விட்டுவிடு என்றார். அவருடைய பாதை கோதுமை விளையும் சமவெளியில் ஓடுகிறது, அங்கே ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அப்படிக் களஞ்சியம் நிற்கும். மல்லாகத்தில் யார் கோதுமை விதைத்தார்கள்? அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. தூணை எதனால் மூடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்ததே பிழை என்று பட்டது. இவ்வளவு உயரமாகவும் தடிப்பாகவும் எங்கள் பக்கத்தில் என்ன நின்றது என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

அதற்கு இடையில் வானநிறம் பூசிப் பார்த்த கதையும் உண்டு. பின்னாலுள்ள சுவரில் வானம் தீட்டியிருந்தேன், அதே நீலத்தைத் தூணுக்கும் பூசினேன். பூச்சுப் பளபளப்பானது, விளக்கைப் போட்டதும் தூண் வெண்கலக் குத்துவிளக்காக மின்னியது. பளபளப்பில்லாத பூச்சை வாங்கி மறுபடி பூசினேன். இப்போது தூண் மறைந்தது, அதன் நிழல் வானத்தின் குறுக்கே விழுந்தது. விளக்குகளைத் தூணுக்கும் சுவருக்கும் நடுவில் மாற்றிய பிறகுதான் நிழல் போனது. தூண் மறைப்பவர்கள் முதலில் விளக்கைப் பாருங்கள்.

இவ்வளவு பெரியதாக எங்கள் பக்கத்தில் நின்றது காங்கேசன்துறைச் சிமெந்துத் தொழிற்சாலை. அங்கேயே சுண்ணாம்புக்கல் அகழ்ந்து 1950 முதல் சிமெந்து செய்தார்கள். மாமா அங்கே வேலை செய்தார். பின்னேரம் சைக்கிளில் வரும்போது புருவம், மீசை, காதுமயிர் எல்லாம் சாம்பல் நிறமாக இருக்கும். கிணற்றடியில் இரண்டு வாளி ஊற்றியதும் மாமா திரும்பவும் கறுப்பாவார். நாங்கள் அதைப் பார்ப்பதற்கென்றே நேரத்தோடு வந்து குந்தியிருப்போம். அந்தப் புகைபோக்கியைவிட்டு வேறெதைத் தேடினேன் என்று எனக்கே வியப்பாக இருந்தது.

பாதை முழுவதையும் கழற்றித் திருப்பினேன். காங்கேசன்துறை தூணடிக்கு வந்தது. மல்லாகம் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போனது, அங்கே தூண் இல்லை, மேடைக்கு நிறைய இடம். போன வருடக் கோயில் நாட்காட்டியின் மட்டையை இலேசாக நனைத்து, தூணைச் சுற்றி நூலால் கட்டி ஓர் இரவு விட்டேன். காய்ந்ததும் வளைவு நின்றது. அதை இரண்டு பாதியாக வெட்டி, உள்ளே சின்னக் காந்தங்கள் ஒட்டினேன். தூண் இரும்பு என்பதால் பாதிகள் தாமாகப் பிடித்துக்கொண்டன. ஆணி இல்லை, பசை இல்லை, யாராவது தூணைச் சோதிக்க வந்தால் ஒரு நிமிடத்தில் கழற்றலாம். சுவர்ப்பூச்சுத் தடவி, கொங்கிறீற் வளையங்களாகக் கீறல் போட்டேன். சிமெந்துத் தூசின் நிறத்துக்கு எந்தப் பூச்சும் சரிவரவில்லை. கடைசியில் சாமியறையில் விழுந்து கிடந்த ஊதுபத்திச் சாம்பலை அரித்துத் தூவினேன். அதேதான்.

புகைபோக்கி 38 சென்ரிமீற்றரில் முடிகிறது. அதற்கு மேல் தூணில் புகை தீட்டியிருக்கிறேன். வாயில் அடர்ந்த சாம்பல், போகப்போக வெளிறி, கூரைக்குக் கிட்ட வானநீலம். முன்பக்கம் கூரையில் இருந்து ஒரு நீளப் பலகையைத் தொங்கவிட்டதால், நின்று பார்க்கிறவர்களுக்குப் புகை போகிற வழியில் பாதிதான் தெரியும்.

மறுபடி அண்ணைக்குக் காட்டினேன். சிரிக்கவில்லை. "மாமாவின் சைக்கிளை வாசலில் சாத்தி வை" என்றார். பிறகு வேறு கதைக்குப் போனார். 1990 ஜூனில் போரால் கோச்சி நின்றது, அந்த வருடமே தொழிற்சாலையும் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ரயில் வர 2014 ஒக்டோபர் ஆயிற்று, காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரி. முதல் நாள் மல்லாகம் மேடையில் நின்று அண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்து, ஒன்றும் பேசாமல் கோச்சிச் சத்தத்தை மட்டும் கேட்கவிட்டார். இங்கே நடுச்சாமம். கட்டிலில் எழும்பி இருந்து கேட்டேன். மனைவி தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

வேலை முடியும் தறுவாயில் ஒரு திருத்தம் மிஞ்சியிருந்தது. மேசைப் பலகையைத் தூணோடு முட்ட வெட்டியிருந்தேன். அது முறையல்ல, ரயிலின் அதிர்வு தூணில் ஏறும், வீட்டின் அதிர்வு தண்டவாளத்தில் இறங்கும். தெருப் பெரியவர் சொன்னபடி சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி வெட்டி, பஞ்சுறப்பர் வைத்து அடைத்தேன். ரயில் பூனைபோல ஓடியது.

மூன்றாம் நாள் மனைவி படியில் இறங்கி வந்து, பாதி வழியில் நின்றாள். "ஏனப்பா, கோச்சியை நிறுத்திவிட்டீர்களா?"

"ஓடிக்கொண்டுதானே இருக்கிறது."

"குசினிக்குள் கேட்கவில்லையே."

இவள் கொக்குவிலில் ரயில் கடவைக்குப் பக்கத்து வீட்டுக்காரி. இத்தனை மாதமும் அந்தத் தூண் வழியாகச் சத்தம் மேலே போய், குசினி நிலத்தில் மெல்ல உறுமிக்கொண்டு இருந்திருக்கிறது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே சமைத்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை.

அன்றிரவே ஒரு பக்கத்துப் பஞ்சுறப்பரை உருவிவிட்டு, பலகைக்கும் தூணுக்கும் இடையில் ஒரு துண்டு மரத்தை இறுக்கிச் செருகினேன். காலையில் மேலே அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சுன்னாகத்தில் இருந்து வண்டியை எடுத்தேன். அது மல்லாகத்தைத் தாண்டித் தூணடிக்குக் கிட்ட வந்தபோது, மேலே தண்ணீர்க் குழாய் மூடுகிற சத்தம் கேட்டது.