க்ளோஸ்ட்ரிடியம் குடும்பம்: குழப்பமில்லாமல் படிக்க ஒரு வழி

காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களில் க்ளோஸ்ட்ரிடியேசியே குடும்பம் வந்தாலே நுண்ணுயிரியல் மாணவர்கள் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். நோய்களைப் படிப்பதில் சிக்கல் இல்லை, பெயர்கள்தான் படுத்தும். ஒரு புத்தகத்தில் க்ளோஸ்ட்ரிடியம் டிஃபிசில், அடுத்ததில் க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்; இரண்டும் ஒரே பாக்டீரியாதான். நான் இதைச் சமாளித்தது, பழைய வகைப்பாட்டையும் மரபணு வகைப்பாட்டையும் ஒரே தாளில் இரண்டு பத்தியாக எழுதிவைத்துத்தான்.

பழைய கணக்கு எளிது. கிராம் பாசிட்டிவ் (கிராம் சாயத்தில் ஊதாவாகும்) கோல் வடிவம், ஸ்போர் (கடினச் சூழலைத் தாங்கும் வித்து) உண்டாக்கும், ஆக்சிஜன் ஆகாது, சல்ஃபேட்டை வைத்துச் சுவாசிக்காது. இது நான்கும் பொருந்தினால் க்ளோஸ்ட்ரிடியம். இப்படிச் சேர்த்துக்கொண்டே போனதில், ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை எல்லாம் ஒரே பேரினத்துக்குள் வந்து விழுந்தன. 1994-ல் 16எஸ் ஆர்ஆர்என்ஏ (உறவை அளக்க உதவும் ரைபோசோம் ஆர்என்ஏ) வரிசைகளை ஒப்பிட்டு இவற்றைக் கொத்துகளாகப் பிரித்தார்கள். முதல் கொத்துதான் உண்மையான க்ளோஸ்ட்ரிடியம். பேரினத்துக்கு அடையாளமாக வைத்த மாதிரி இனம் ப்யூட்டிரிக்கம். டெட்டனி (டெட்டனஸ்), பாட்டுலினம் (பாட்டுலிசம்), பெர்ஃபிரிஞ்சன்ஸ் (வாயு அழுகல்) மூன்றும் இதற்குள் வரும். டிஃபிசில் பதினொன்றாம் கொத்து. மற்ற கொத்து எண்களை நான் மனப்பாடம் செய்யவே இல்லை, அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

டிஃபிசிலின் கதையை மட்டும் ஆண்டோடு தெரிந்துவையுங்கள். 1935-ல் பேசில்லஸ் டிஃபிசிலிஸ், 1938-ல் க்ளோஸ்ட்ரிடியம், 2016-ல் க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ். குடும்பமே மாறி பெப்டோஸ்ட்ரெப்டோகாக்கேசியேவுக்குப் போய்விட்டது. இடையில் பெப்டோக்ளோஸ்ட்ரிடியம் என்றும் ஒரு யோசனை வந்தது. ஆனால் மருத்துவமனைகளில் ஊறிப்போன 'சி. டிஃப்' என்ற சுருக்கத்தைக் கெடுக்காத பெயரே நிலைத்தது. வகைப்பாட்டுக்காரர்களும் மனிதர்கள்தானே!

பாட்டுலினத்தில் தேர்வுக் கேள்வி வேறு மாதிரி வரும்: அது ஒரே இனமா? பெயரளவில் ஆம். பாட்டுலினம் நச்சை உண்டாக்கினால் பாட்டுலினம் என்று வைத்துவிட்டார்கள். உள்ளே பார்த்தால் நான்கு தனித்தனிக் குழுக்கள். புரதத்தைச் செரிக்கும் முதல் குழு, நச்சே இல்லாத ஸ்போரோஜீனஸ் என்ற இனத்துக்கு மிக நெருங்கிய உறவு. மறுபக்கம் ப்யூட்டிரிக்கத்தின் சில ரகங்கள் ஈ வகை நச்சையும், பராட்டி என்ற இன்னொரு இனத்தின் சில ரகங்கள் எஃப் வகை நச்சையும் உண்டாக்குகின்றன. நச்சு மரபணு பிளாஸ்மிட் (தனி டிஎன்ஏ வளையம்), ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) மூலம் இடம் மாறக்கூடியது என்று ஒரு வரி சேர்த்தால் விடை முழுமை பெறும்.

செய்முறைத் தேர்வில் பழைய வகைப்பாட்டுப் பத்திதான் கைகொடுக்கும். சமைத்த இறைச்சி ஊடகத்தில் பெர்ஃபிரிஞ்சன்ஸ் வளர்ந்தால் இறைச்சித் துண்டுகள் இளஞ்சிவப்பாகும், வாயு வரும். ஸ்போரோஜீனஸ் வளர்ந்தால் கறுத்து, கரைந்து, நாற்றம் ஆளைத் தூக்கும். ரத்த அகாரில் (ரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகத்தில்) பெர்ஃபிரிஞ்சன்ஸைச் சுற்றி இரட்டை வளையம் தெரியும்: உள்ளே தீட்டா நச்சால் தெளிவாக, வெளியே ஆல்ஃபா நச்சால் மங்கலாக. நோயாளியின் மாதிரியில் அதன் ஸ்போர் பெரும்பாலும் கண்ணில் படாது. ஸ்லைடில் ஸ்போர் இல்லையே என்று அதை ஒதுக்கிவிட வேண்டாம்.

ஆல்ஃபா நச்சைக் கண்டறியும் நேக்லர் சோதனையில்தான் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மடக்குவார்கள். முட்டை மஞ்சள் தட்டில் பாதிக்கு ஆல்ஃபா நச்சின் எதிர்நஞ்சைத் தடவிவிட்டுக் குறுக்கே கோடு இழுப்போம். தடவாத பாதியில் கோட்டைச் சுற்றி வெண்மை படரும், தடவிய பாதியில் படராது. உடனே பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்று முடித்துவிடாதீர்கள். பைஃபெர்மென்டன்ஸ் என்ற இன்னொரு இனமும் பாசிட்டிவ் காட்டும். அதன் இன்றைய பெயர் பாராக்ளோஸ்ட்ரிடியம், டிஃபிசிலோடு ஒரே குடும்பம். சோதனையில் ஒத்துப்போவது வேறு, பரம்பரையில் உறவு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

விடைத்தாளில் எழுதும்போது புதிய பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் பழையதைப் போடுங்கள். தொகுதியையும் (ஃபைலம்) அப்படியே: 2021 முதல் பேசில்லோட்டா, முன்பு ஃபிர்மிக்யூட்ஸ்.