இரவு 11 மணிக்கு மேல்

ஜூலை 7, திங்கள்

மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. இந்த மாதம் முழுக்க செகண்ட் ஷிப்ட், இரவு 11 மணிக்கு முடியும். பைக்கில் ரூமுக்கு 20 நிமிடம். ராத்திரி முழுக்க லாரி ஓடும் ரோடு. 11.20 தாண்டினால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். வாட்ஸ்அப்பில் அவன் லாஸ்ட் சீன் மாறியதா என்று போனைப் பார்ப்பேன், வைப்பேன், திரும்ப எடுப்பேன். பொறுக்க முடியாமல் கூப்பிட்டும் விடுவேன்.

இன்று அவன் சொன்னான்: "அம்மா, நீ கூப்பிட்டா வண்டியை ஓரங்கட்டித்தான் எடுக்கணும். அந்த இருட்டுல நிக்கிறதுதாம்மா எனக்குப் பயமா இருக்கு."

அவனைக் காப்பாற்றுவதாக நினைத்து நடுரோட்டில் நிற்க வைத்திருக்கிறேன். தூக்கம் வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். வாசல்வரை போய் ஒருமுறை திரும்பிவிட்டு, அப்புறம்தான் உள்ளே போனேன். 7 கேள்விகள் இருக்கும் ஒரு தாள் தந்தார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் பதற்றமாக இருந்தது என்பது போல ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 21. எனக்கு 13 வந்தது. 10-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டுமாம். தைராய்டு கூடினாலும் படபடப்பு வரும் என்று ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார்கள்.

டாக்டரம்மா "பயப்படாதீங்க" என்று சொல்லவே இல்லை. அதுவே பெரிய ஆறுதல். "ஒவ்வொரு தடவை போனைப் பார்க்கும்போதும் அந்த நிமிஷம் நிம்மதியா இருக்கும். அந்த நிம்மதிக்காகவே மனசு மறுபடி பயத்தைக் கொண்டுவரும். சொறியச் சொறிய அரிக்கிற மாதிரி" என்றார். கூப்பிடத் தோன்றினால் 10 நிமிடம் தள்ளிப் போட வேண்டும், பிறகு 20. என்ன பயந்தேன், என்ன நடந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். இவ்வளவுதான்.

ராத்திரியில் தாங்க முடியாவிட்டால் பேச 14416 என்ற எண்ணையும் எழுதித் தந்தார். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது. யாருக்காவது உதவட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சரியாக இருக்கிறது.

11.25-க்குப் போனைச் சமையலறை அலமாரியில், அரிசி டப்பாவின் பின்னால் வைத்தேன். கூடத்துக்கு வந்து 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விட்டேன். மூச்சை நீளமாக விடும்போது இதயத்துடிப்பு மெல்ல இறங்குமாம். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் இறங்கவில்லை. உள்ளங்கை வேர்த்தது, காது அடுக்களைப் பக்கமே இருந்தது. எட்டாவது நிமிடம் போல, பிடித்து வைத்திருந்த தோள் தானாகத் தளர்ந்தது. பயம் போகவில்லை, ஆனால் உச்சிக்குப் போய்விட்டுக் கீழே வந்தது. அது தானாக இறங்கும் என்பதை இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

நோட்டில்: 'பயந்தது: லாரி. நடந்தது: டிபன் வாங்க நின்றிருக்கிறான்.'

ஜூலை 18, வெள்ளி

ஓசூரில் மழை என்று டிவியில் சொன்னார்கள். மூன்று தடவை கூப்பிட்டேன். அதையும் நோட்டில் எழுதிவிட்டேன்.

ஜூலை 23, புதன்

சாயங்காலக் காபியை நிறுத்தி ஒரு வாரம். காபியின் வீரியம் உடம்பில் பாதியாகவே ஐந்து மணி நேரம் ஆகும் என்கிறார்கள். நான் 6 மணிக்குக் குடித்துவிட்டு 11 மணிக்குப் படபடக்கிறதே என்று தவித்திருக்கிறேன்.

நேற்று கூப்பிடாமலே 20 நிமிடம் தாண்டியது. துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் அவனுக்கு நைட் ஷிப்ட். போகும்போதுதான் இருட்டு, வரும்போது விடிந்திருக்கும். நோட்டில் அதற்கான பக்கத்தில் இப்போதைக்குத் தேதி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.