நூற்று இருபத்திரண்டாவது ஆள்

மதுரையில் ஒரு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் பதினோரு வருடங்களாக டெக்னீஷியன் வேலை பார்க்கிறேன். கையிலும் காலிலும் வயர் ஒட்டி, சின்ன ஷாக் கொடுத்து, நரம்பு எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று அளப்பேன். அதன்பின் டாக்டர் வந்து தசைக்குள் ஊசி செலுத்திப் பார்ப்பார். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள்தான் அதிகம் வருவார்கள். இப்போது கொஞ்ச வருடங்களாக, சதை துடிக்கிறது என்று இளவயதுக்காரர்களும் வருகிறார்கள். எங்கள் பாட்டி காலத்தில் கண் துடித்தால் இடமா வலமா என்று பார்த்துப் பலன் சொல்வார்கள். இவர்களோ இரவெல்லாம் ஃபோனில் தேடிவிட்டு வருகிறார்கள்.

'கூகுள் கேஸ்' என்று சிலர் சிரிப்பதுண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. கட்டிலில் படுத்திருப்பவரின் உள்ளங்கை வியர்த்து, ஒட்டிய டேப் நழுவும். அதைத் துடைத்துத் துடைத்து ஒட்டுபவள் நான்.

ஒரு தம்பி வந்தான். நைட் ஷிஃப்ட் வேலை. கெண்டைக்கால் துடிப்புக்குக் காரணம் தேடப்போய், தசையை இயக்கும் நரம்புகள் செத்துக்கொண்டே போகும் ஏ.எல்.எஸ். என்ற நோயில் வந்து நின்றிருக்கிறான். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 21 வயதில் கண்டுபிடித்தது என்று படித்திருந்தான். கால் பலமாக இருக்கிறதா என்று பார்க்க, தினமும் பலமுறை குதிகாலைத் தூக்கி நின்றிருக்கிறான். அதனால் வந்த வலியையே பலவீனம் என்று நினைத்துக்கொண்டான்.

டாக்டர் ஊசி செலுத்தியபோது மெஷினின் ஸ்பீக்கரில் அவ்வப்போது 'டப்' என்று ஒரு சத்தம். தம்பி கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்தான். "இந்தத் துடிப்பு மட்டும் நோயில்லை. நரம்பு செத்து, தசை தனியாகக் கிடக்கும் அடையாளம் வேண்டும். உனக்கு அது இல்லை. செருப்பு காலை விட்டு நழுவுதா? சட்டைப் பொத்தான் போட முடியுதா?" என்று டாக்டர் பொறுமையாகக் கேட்டார். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1993-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றியும் சொன்னார். இப்படிச் சதை மட்டும் துடித்த 121 பேரை 2 முதல் 32 வருடம் வரை கவனித்தார்கள், ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை என்றார்.

தம்பியின் முகம் தெளிந்தது. வயரைக் கழற்றும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, நான் நூற்று இருபத்திரண்டாவது ஆளா இருந்தா?"

இரண்டு மாதத்தில் மறுபடி வந்தான். இந்தத் தடவை அதே வகை நரம்பு நோயான 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' பற்றிய பயம். 1970-இல் சென்னை மருத்துவர்கள் விவரித்தது. இளவயதில் வரும், காது கேட்காமல் போகும், மெதுவாக முற்றும். சளி பிடித்து அவனுக்கு ஒரு காது அடைத்திருந்தது. நோயின் பெயரிலேயே நம் ஊர் வேறு இருக்கிறது. எவ்வளவு அபூர்வமான நோய் என்பது அவன் கண்ணில் படவே இல்லை. நல்ல தூக்கம் தூங்கியதும் நின்றுபோன துடிப்பைப் பற்றி உட்கார்ந்து எழுதுபவர்கள் குறைவு. தேடினால் கிடைப்பது நின்றுபோகாத கதைகள்தான்.

மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ நடிக்கிறேன்னு சொல்றாங்களா?"

அன்றைக்கு என் கதையைச் சொன்னேன். அம்மா உடம்பு முடியாமல் கிடந்த மாதம் எனக்கு இமை துடித்தது. தினமும் இந்த மெஷின் முன்னால் உட்காருகிற நானே ராத்திரி இரண்டு மணிக்குத் தேடினேன், விடியும்வரை தூங்கவில்லை. "துடிப்பு நிஜம், தம்பி. பயமும் நிஜம். பயத்துக்கும் ஒரு டாக்டர் இருக்கார்." அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

போன மாதம் அவன் அம்மாவைக் கூட்டி வந்திருந்தான், பாத எரிச்சலுக்கு. மனநல மருத்துவரிடம் போனதாகவும், காலைச் சோதிப்பதையும் ராத்திரித் தேடலையும் கொஞ்சம் கொஞ்சமாக விடப் பழக்கினார்கள் என்றும் சொன்னான்.

"கெண்டைக்கால்?" என்றேன்.

"எப்பவாச்சும் துடிக்கும்கா" என்றவன், அம்மாவின் செருப்பைக் கழற்றிவிடக் குனிந்தான்.