வானிலைக் கருவிகளும் படித்தர மின்தடைகளும்

தானியங்கி வானிலை நிலையம் காற்றின் வெப்பநிலை 31.4 டிகிரி செல்சியஸ் என்று பதிவு செய்யும்போது, அதன் உள்ளே அளக்கப்பட்டது ஏறத்தாழ 112.2 ஓம் என்ற மின்தடைதான். 0 டிகிரியில் சரியாக 100 ஓம் இருக்கும்படி செய்யப்பட்ட பிளாட்டின உணரி, ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 ஓம் வீதம் உயர்கிறது. பத்தில் ஒரு டிகிரியைப் பிரித்தறிய வேண்டுமானால் 0.039 ஓம் அளவிலான மாற்றத்தை நம்பகமாகக் காண வேண்டும். அந்த நம்பகம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி நீண்ட நாட்களாக எழுத விரும்பினேன்.

உணரியைப் பனிக்கட்டியும் நீரும் கலந்த கலனில் வைத்து 0 டிகிரியைச் சரிபார்ப்பதில் எல்லோரும் அக்கறை காட்டுகிறார்கள். ஆனால் உணரியின் மின்தடை, அளவீடுகளை எடுத்துப் பதிவு செய்யும் டேட்டா லாகர் என்ற கருவிக்குள் இருக்கும் ஒரு சிறிய ஒப்பீட்டு மின்தடையோடு ஒப்பிடப்பட்டே எண்ணாக மாறுகிறது. அந்த மின்தடை பிசகினால் உணரி எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. அது ஒரு டிகிரி வெப்ப மாற்றத்துக்குப் பத்து லட்சத்தில் 25 பங்கு மாறும் வகையைச் சேர்ந்தது என்று கொள்வோம். வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் வெப்பநிலை 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு உயரும்போது அதன் மதிப்பு பத்து லட்சத்தில் 750 பங்கு விலகுகிறது. 112 ஓமில் அது 0.084 ஓம், அதாவது சுமார் 0.2 டிகிரி பிழை. இந்தப் பிழை நண்பகலில் கூடி இரவில் குறைவதால், வானிலையின் இயல்பான ஏற்ற இறக்கத்தோடு கலந்து மறைந்துவிடுகிறது என்பதே என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. பூமியின் சராசரி வெப்பநிலை அண்மைக் காலத்தில் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 0.2 டிகிரி வீதம் உயர்ந்து வருவதை நினைத்தால், இந்த அளவு பிழையைச் சிறியதென்று ஒதுக்க முடியாது.

இதைச் சோதிக்கும் வழி எளிது. உணரியைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் மதிப்பு நன்கு தெரிந்த படித்தர மின்தடையை இணைக்க வேண்டும். 100 ஓம் வைத்தால் 0 டிகிரியும், 138.51 ஓம் வைத்தால் 100 டிகிரியும் காட்ட வேண்டும். இடையிலும் சில மதிப்புகளை வைத்துப் பார்ப்பது அவசியம். நல்ல படித்தர மின்தடையில் மாங்கனின் போன்ற, வெப்பத்தால் மிகக் குறைவாகவே மாறும் உலோகக் கலவைக் கம்பி இழுவிசை இல்லாமல் சுற்றப்பட்டிருக்கும். அதற்கு நான்கு முனைகள் உண்டு: இரண்டு மின்னோட்டத்துக்கு, இரண்டு மின்னழுத்தத்தை அளப்பதற்கு. மீட்டருக்குச் சுமார் 0.08 ஓம் கொண்ட மெல்லிய செம்புக் கம்பியில் உணரியைப் பத்து மீட்டர் தள்ளி இரண்டே கம்பிகளால் இணைத்தால், போய்வரும் கம்பியின் 1.6 ஓம் மட்டுமே நான்கு டிகிரிக்கு மேல் பிழையைக் கொண்டுவரும். நான்கு முனை அளவீட்டில், மின்னழுத்தத்தை அளக்கும் கம்பிகளில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாததால், அது அறவே நீங்குகிறது.

இணைக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முனைத் திருகை விரலால் இறுக்கியவுடன் கையின் சூடு அந்த மூட்டில் வெப்ப மின்னியக்கு விசையை, அதாவது வெப்பநிலை வேறுபாட்டால் எழும் ஒரு சிறு மின்னழுத்தத்தை, உண்டாக்கும். 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தில் பத்தில் ஒரு டிகிரி என்பது 39 மைக்ரோவோல்ட்தான் என்பதால், சில மைக்ரோவோல்ட் கூடப் பொருட்படுத்த வேண்டியதே. சிறிது நேரம் காத்திருந்து, மின்னோட்டத்தின் திசையை மாற்றி மீண்டும் அளந்து, இரண்டின் சராசரியை எடுத்தால் அது நீங்கிவிடும்.

இந்த 100 ஓமுக்கு மூலம் எது? 1980ஆம் ஆண்டு கிளாஸ் ஃபான் கிளிட்சிங் கண்டறிந்த குவாண்டம் ஹால் விளைவில், மிகக் குளிர்ந்த நிலையில் வலிமையான காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட மெல்லிய குறைக்கடத்தி அடுக்கின் மின்தடை 25,812.807 ஓம் என்ற மதிப்பையும் அதன் முழு எண் பின்னங்களையும் எந்த ஆய்வகத்திலும் ஒரே மாதிரி தருகிறது. 2019 மே 20 முதல், இந்த மதிப்பைத் தீர்மானிக்கும் பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரானின் மின்னூட்டமும் வரையறுக்கப்பட்ட எண்களாகிவிட்டதால், ஓம் இயற்கையின் மாறிலிகளிலேயே ஊன்றி நிற்கிறது. தேசிய ஆய்வகங்கள் அங்கிருந்து படிப்படியாக இறக்கித் தரும் மதிப்பே நம் கையில் உள்ள மின்தடைக்கு வந்து சேர்கிறது.

சூரியக் கதிர்வீச்சு அளவீட்டில் மின்னளவின் பங்கு இன்னும் நேரடியானது, எனக்கு மிகப் பிடித்ததும் கூட. சுவிட்சர்லாந்தின் டாவோஸில் உள்ள உலகக் கதிர்வீச்சு மையத்தில் பயன்படும் குழிவுக் கதிர்மானிகளில், கருப்புப் பூச்சுள்ள ஒரு குழிவு சூரிய ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. மூடியால் ஒளியைத் தடுத்துவிட்டு, அதே வெப்ப நிலையைத் தக்கவைக்க எவ்வளவு மின்திறன் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று பார்க்கிறார்கள். கதிர்வீச்சின் திறன் இப்படி வோல்ட்டாலும் ஓமாலும் சொல்லப்படுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பல நாடுகளின் கருவிகள் அங்கே ஒன்றாக வைத்து ஒப்பிடப்படுகின்றன.

டேட்டா லாகருக்கான அளவுத்திருத்தச் சான்றிதழைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது, சோதனை நடந்தபோது லாகர் எந்த வெப்பநிலையில் இருந்தது என்ற குறிப்பைத்தான். குளிரூட்டப்பட்ட அறையின் 23 டிகிரி மட்டும் அதில் இருந்தால், வெயிலில் நிற்கப்போகும் பெட்டிக்கு அது போதாது. குறைந்தது இரண்டு வெப்பநிலைகளில், அதே படித்தர மின்தடைகளை வைத்து, சோதனையை மீண்டும் செய்து தருமாறு கேட்க வேண்டும்.