எலிக் கட்டிகளில் இரண்டு சமிக்ஞைகள்

சுண்டெலியின் தோலடியில் வளரும் புற்றுக்கட்டியைக் காலிப்பரால் அளந்து, நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்துக் கன அளவைக் குறித்துவைப்பது என் ஆய்வக வேலையின் பெரும்பகுதி. கட்டி வளர்ந்ததா, சிறுத்ததா என்பதை அந்த எண் சொல்லும். எதனால் என்பதைச் சொல்லாது. உயிரணுக்களுக்கிடையே செய்தி சுமக்கும் வேதிப்பொருள்களான ஹிஸ்டமின், செரோடோனின் தொடர்பான சோதனைகளில் இந்தக் குறை மிகவும் உறுத்துகிறது.

உடலின் செரோடோனினில் பெரும்பங்கு மூளையில் அல்ல, குடலில் உருவாகிறது. அதைச் சுமந்து திரிபவை இரத்தத் தட்டணுக்கள். மூளைக்கு வெளியே அதை உருவாக்கும் டிபிஹெச்1 நொதி இல்லாத சுண்டெலிகளில் பெருங்குடல் கட்டிகள் மெதுவாக வளர்ந்ததாக 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. செரோடோனின் இருக்கும்போது, கட்டிக்குள் புகுந்த மேக்ரோபேஜ்கள் என்ற நோயெதிர்ப்பு உயிரணுக்களில் எம்எம்பி-12 என்ற நொதி குறைகிறது; அதனால், புதிய இரத்தநாளங்கள் முளைப்பதைத் தடுக்கும் ஆஞ்சியோஸ்டாட்டினும் குறைந்து, நாளங்கள் பெருகிக் கட்டிக்கு ஊட்டம் சேர்கிறது. இதைப் படித்த பிறகு, நாளச்சுவர்களைக் காட்டும் சிடி31 சாயமேற்றிய திசுச்சீவலைப் பார்க்காமல் காலிப்பர் எண்ணை மட்டும் வைத்து நான் எதையும் பேசுவதில்லை.

ஹிஸ்டமினின் கதை இன்னும் சிக்கலானது. அதைத் தயாரிக்கும் ஹிஸ்டிடின் டிகார்பாக்சிலேஸ் நொதி இல்லாத சுண்டெலிகளில், எலும்பு மச்சையில் உருவாகும் மைலாய்டு உயிரணுக்கள் முதிராத நிலையில் குவிந்து, குடலிலும் தோலிலும் புற்றுநோய் எளிதில் தோன்றுவதாக 2011இல் வெளியான ஆய்வு கூறியது. 2022இல் வந்த வேறோர் ஆய்விலோ, மேக்ரோபேஜ்களின் ஹெச்1 ஏற்பி (ஹிஸ்டமினின் செய்தியை வாங்கும் புரதம்) வழியாக ஹிஸ்டமின், புற்றைத் தாக்கும் டி உயிரணுக்களை முடக்குவதும், அந்த ஏற்பியை அடைத்தால் நோயெதிர்ப்புச் சிகிச்சை நன்றாக வேலை செய்வதும் தெரியவந்தன. இவை ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை: பிறப்பிலிருந்தே ஹிஸ்டமினைத் தயாரிக்க முடியாத விலங்கும், நான்கு ஏற்பிகளில் ஒன்று மட்டும் அடைபட்ட விலங்கும் ஒன்றல்ல. ஆகவே, "ஹிஸ்டமின் கட்டியை வளர்க்குமா, தடுக்குமா?" என்று கூட்டங்களில் யாராவது கேட்டால், எந்த உயிரணுவில், எந்த ஏற்பி வழியாக என்று திருப்பிக் கேட்பது என் வழக்கமாகிவிட்டது; இளைய சகாக்களுக்கு இது சலிப்பூட்டுகிறது என்பதும் தெரியும்.

நடைமுறையில் என்னை அதிகம் எச்சரிக்கையாக்குவது வேறொன்று. எலி இனங்களின் மாஸ்ட் செல்கள் (ஒவ்வாமையில் பங்கேற்கும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள்) ஹிஸ்டமினோடு செரோடோனினையும் தம் துகள்களில் கணிசமாகச் சேமித்துவைக்கின்றன. மனிதரின் மாஸ்ட் செல்களில் செரோடோனின் மிகக் குறைவு. எனவே, அச்செல்கள் துகள்களை வெளியிடாதபடி மருந்து கொடுத்துக் கட்டி சுருங்கினால், அதை ஹிஸ்டமினின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. ஒவ்வொரு சமிக்ஞைக்கும் தனித்தனி ஏற்பித் தடுப்பான் கொடுத்த குழுக்களும் இருந்தால்தான் அத்தகைய சோதனைத் திட்டத்துக்கு நான் ஒப்புக்கொள்கிறேன். கூண்டுகளும் செலவும் அதனால் கூடத்தான் செய்கின்றன.