டுப்ளோயான் சுருக்கெழுத்தை யூனிகோடில் ஏற்றிய பாடு

கனடாவின் காம்லூப்ஸில் லெ ஜ்யூன் பாதிரியார் 1891இல் தொடங்கிய 'காம்லூப்ஸ் வாவா' இதழ், சினூக் ஜார்கன் என்ற கலப்பு மொழியை, ஒலிகளைக் கோடுகளாகவும் வளைவுகளாகவும் எழுதும் டுப்ளோயான் சுருக்கெழுத்தில் தந்தது. அதன் சில பக்கங்கள் ஒருவழியாகத் தேடக்கூடிய உரையாகிவிட்டன. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யூனிகோடின் 7.0 பதிப்பிலேயே (2014) 143 டுப்ளோயான் எழுத்துகள் சேர்ந்தாயிற்று, இனி தட்டச்சுதானே என்று நினைத்து இறங்கியதற்கு நல்ல பாடம்.

மூலத்தைப் படிப்பதில் ஒரே தொல்லை நீளம்தான். கே கோட்டை நீட்டினால் ஜி, எல் கோட்டை நீட்டினால் ஆர். தொடக்க கால இதழ்கள் மிமியோகிராஃபில் (மெழுகுத்தாள் படியெடுப்புப் பொறி) எடுத்த படிகள். பக்கத்துக்குப் பக்கம் அளவு மாறும். அதே சொல்லில் உள்ள அடுத்த கோட்டோடு ஒப்பிட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

உயிரை வாங்கியது தரவுத்தளம். யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் டுப்ளோயான் எழுத்து ஒவ்வொன்றுக்கும் 4 பைட் வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் வெறும் 'யூடிஎஃப்8' என்பது 3 பைட்டோடு நின்றுவிடும். ஸ்ட்ரிக்ட் மோடு (தவறான தரவை ஏற்க மறுக்கும் அமைப்பு) அணைந்திருந்தால் முதல் டுப்ளோயான் எழுத்திலிருந்து மிச்சம் முழுக்கக் காணாமல் போகும். வெறும் எச்சரிக்கைதான் வரும், அதை யார் பார்க்கிறார்கள்? சர்வர் வாடகைக்குத் தந்தவர்களிடம் கேட்டால், "யூனிகோடு சப்போர்ட் இருக்கு சார்" என்ற ஒரே பதில். தமிழ் 3 பைட்டில் அடங்குவதால் அதே அட்டவணையில் அழகாக நிற்கும். தமிழை ஏற்றிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். 4 பைட்டையும் ஏற்கும் 'யூடிஎஃப்8எம்பி4' என்று அட்டவணையை மட்டும் மாற்றினால் போதாது, நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்பின் அமைப்பையும் மாற்ற வேண்டும். வெட்டுப்பட்டது திரும்பி வராது, மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஏற்றுவதுதான் வழி.

அடுத்த வில்லங்கம் கண்ணுக்கே தெரியாதது. ஒரு கோடு இன்னொன்றைக் குறுக்கே வெட்டுவதையும், ஒரு படி ஏறி இறங்குவதையும் சொல்ல 4 கட்டுப்பாட்டுக் குறிகள் தனியாக உண்டு. உரையைச் 'சுத்தம்' செய்யும் நிரல்கள் இவற்றைக் குப்பையென்று கழித்துவிடும். வெட்டிக்கொள்ள வேண்டிய கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வேறு சொல்போல நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஏற்றுமுன் அந்த 4 குறிகளும் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி, ஏற்றியபின் மறுபடி எண்ணுங்கள்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் டுப்ளோயான் போதும், புதிய பதிப்பாக எடுங்கள். பேக்கப் எடுக்கும்போதும் 'யூடிஎஃப்8எம்பி4' என்று வெளிப்படையாகக் கொடுங்கள்; பழைய மைஎஸ்க்யூஎல் பதிப்புகளில் கொடுக்காவிட்டால் கோப்பு முழுக்கக் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும்.