மூன்று வருட வரிக் கணக்கை ஒரே மாதத்தில் முடித்தேன்

வேலையில் இருந்தவரை, அலுவலகக் கணக்குப் பிரிவில் இருந்தவரே எல்லோருக்கும் ஐடிஆரை, அதாவது வருமான வரிக் கணக்கை, தாக்கல் செய்து கொடுத்துவிடுவார். 2021 மார்ச்சில் வேலையை விட்டு, கட்டடங்களுக்கு ஸ்ட்ரக்சரல் டிராயிங் போட்டுத் தரும் தொழிலைத் தனியாக ஆரம்பித்தேன். இனி அது என் பொறுப்பு என்று தோன்றவே இல்லை. சில கம்பெனிகள் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தருபவரே பிடித்து அரசுக்குக் கட்டிவிடும் வரி) பிடித்துக்கொண்டுதான் பணம் அனுப்பின. வரியைத்தான் பிடித்துவிட்டார்களே, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டேன். தனியாகத் தொழில் செய்கிற பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். வரியைப் பிடித்துவிட்டாலும் கணக்குக் காட்டும் கடமை அப்படியே இருக்கிறது.

அடுத்த வருடம் விஷயம் புரிந்தது. ஆனால் இந்த வருடத்துக்குப் போட்டால் போன வருடம் ஏன் போடவில்லை என்று கேட்பார்களே என்று பயம். அந்தப் பயத்திலேயே இரண்டாம் வருடமும் போனது, மூன்றாம் வருடமும் போனது. வரித் துறை எல்லோருக்கும் அனுப்பும் எஸ்எம்எஸ் வந்தாலே வயிற்றைக் கலக்கும். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

2025 ஜூனில் வீட்டுக் கடனுக்குப் போனபோது வங்கியில் மூன்று வருட ஐடிஆர் கேட்டார்கள். அன்று சாயங்காலமே தெரிந்த ஒரு ஆடிட்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "முதல்ல ஏஐஎஸ்ஸை எடுங்கம்மா. அதைப் பார்க்காம பயந்து என்ன பிரயோஜனம்?" என்றார்.

இதே நிலையில் இருக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது அதுதான். வருமான வரி இணையதளத்தில் பான் எண்ணைக் கொண்டு உள்ளே போனால், நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ், வட்டி போன்ற மற்ற வரவுகளையும் காட்டும் ஏஐஎஸ் இரண்டும் கிடைக்கும். யார் எவ்வளவு டிடிஎஸ் பிடித்தார்கள், சேமிப்புக் கணக்கில் எவ்வளவு வட்டி வந்தது என்று எல்லாம் அதில் இருந்தது. நான் மூன்று வருடம் ஒளித்துவைத்ததாக நினைத்த விவரத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே துறையிடம் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது.

அப்புறம் வங்கி ஸ்டேட்மென்ட். உண்மையான உழைப்பு இதில்தான். மூன்று வருடப் பக்கங்களையும் அச்செடுத்து, தொழில் வரவுக்குப் பச்சை, என்னுடைய ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியதற்கு நீலம், தம்பி திருப்பிக் கொடுத்த கைமாற்று போன்றவற்றுக்கு ஆரஞ்சு என்று கோடு போட்டேன். வந்த பணமெல்லாம் வருமானம் ஆகாது. பிரிக்காமல் கூட்டியிருந்தால் ஒரு வருடத்தில் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டியிருப்பேன். 18,500 ரூபாய் ஒன்று, யுபிஐயில் வந்தது, பெயர் புரியவில்லை. அந்தத் தேதிக்கு வாட்ஸப்பில் தேடினால், ஒரு மாடிப்படி டிராயிங்கின் பிடிஎஃப் அனுப்பியிருக்கிறேன், கீழே "பணம் போட்டாச்சு மேடம்" என்று பதில். பச்சைக் கோடு போட்டேன்.

செலவு ரசீதுகள் பாதிகூட இல்லை. பொறியியல் தொழில் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் வருவதால் மொத்த வரவில் 50 சதவீதத்தை வருமானமாகக் காட்டினால் போதும், செலவுக் கணக்கு காட்ட வேண்டாம் என்றார் ஆடிட்டர். எல்லாத் தொழிலுக்கும் இது பொருந்தாது. உங்கள் தொழில் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் கடந்த வருடங்களுக்கு ஐடிஆர்-யு என்ற வழி 2022இல் வந்தது. முதலில் மதிப்பீட்டு ஆண்டு (சம்பாதித்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 24 மாதம்வரைதான் அனுமதி, 2025இல் அதை 48 மாதமாக்கினார்கள். தாமதம் ஏற ஏறக் கூடுதல் வரியும் ஏறும். முதல் 12 மாதத்துக்குள் என்றால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம், அடுத்தடுத்த 12 மாதங்களுக்கு 50, 60, 70.

2022-23 நிதியாண்டுக் கணக்கை அப்படியே சொல்கிறேன். வரவு 17,20,000. அதில் பாதி 8,60,000. எல்ஐசி முதலியவை 60,000 போக 8 லட்சம். எல்ஐசி போன்ற கழிவுகள் உள்ள பழைய வரி முறையில், வரியின் மேல் வரும் செஸ்ஸோடு சேர்த்து 75,400. டிடிஎஸ் 40,000 போக நான் கட்ட வேண்டியிருந்தது 35,400 மட்டும். 2025 ஜூலையில் கட்டும்போது வட்டி 18,762, தாமதக் கட்டணம் 5,000, கூடுதல் வரி 50 சதவீதம், அதாவது 27,081. மொத்தம் 86,243. அந்தச் சலானை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வரியைவிட, நான் பயந்துகொண்டிருந்ததற்கான விலை பெரிது.

2023-24க்கு எனக்குப் பழைய முறை கிடைக்கவில்லை. அந்த ஆண்டிலிருந்து, நாம் எதையும் கேட்காவிட்டால் புதிய முறைதான். தொழில் வருமானம் உள்ளவர்கள் பழையதைக் கேட்க வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் படிவம் கொடுத்திருக்க வேண்டும். எல்ஐசி கழிவு போயிற்றே என்று நினைத்தேன், ஆனால் என் வருமானத்துக்குப் புதிய முறையில்தான் வரி குறைவாக வந்தது. கூடுதல் வரியும் 25 சதவீதத்தோடு நின்றது.

ஐடிஆர்-யு படிவத்தில் முதலில் பணத்தைக் கட்டி, சலான் விவரத்தை ஏற்றிய பிறகே தாக்கல் செய்ய முடியும். ஒரு வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான், தப்பாகப் போட்டால் இன்னொன்று போட முடியாது. அதனால் ஆடிட்டரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, அவர் 26ஏஎஸ்ஸிலிருந்து ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, நான் படிவத்தில் சரிபார்த்தேன். ஆதார் ஓடிபி போட்டு முடித்ததும் வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

2021-22 மட்டும் வேறு மாதிரி. அந்த வருடம் வரவு 8,40,000தான். பாதி 4,20,000 என்பதால் தள்ளுபடி போக வரியே இல்லை. ஆனால் 61,000 டிடிஎஸ் பிடித்திருந்தார்கள். அது எனக்குத் திரும்ப வர வேண்டிய பணம். ஐடிஆர்-யுவில் ரீஃபண்ட் கேட்க முடியாது. அதற்கு 119(2)(பி) பிரிவின் கீழ், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி மனுப் போட வேண்டும். 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கைப்படி மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் கேட்கலாம். கிடைத்தாலும் அதற்கு வட்டி தர மாட்டார்கள். தாமதத்துக்கு நியாயமான காரணம் எழுத வேண்டும். புதிதாகத் தொழில் தொடங்கியதையும், டிடிஎஸ் பிடித்ததோடு கடமை முடிந்தது என்று நம்பியதையும் உள்ளபடி எழுதினேன்.

மனுப் போட்டு மூன்று மாதம் ஆகிறது. இன்னும் "பரிசீலனையில்" என்றே காட்டுகிறது. இப்போது வாரம் ஒரு முறை நானே இணையதளத்தைத் திறந்து பார்க்கிறேன். 2024-25 கணக்கைக் கெடு தேதிக்கு முன்பே போட்டுவிட்டேன். பில் பணம் வந்த அன்றே அதில் ஒரு பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். மார்ச் 15 முன்கூட்டிய வரி அதிலிருந்துதான் போகும்.